கொடி ஏறினால் பெருமூச்சு விடக்கூடாது

பூவரசன்துறையில் கடலுக்கடியில் இறங்கி வேலை செய்கிறவன் ஒருவன்தான் இருந்தான், அவன் பெயர் இஞ்ஞாசி. விசைப்படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் அறுத்துவிட அவன் வேண்டும், அறுந்துபோன நங்கூரத்தைத் தேடியெடுக்க அவன் வேண்டும், கல்யாண வீட்டுக்குப் போன வள்ளத்திலிருந்து தவறி விழுந்த வெண்கலப் பானையை எடுக்கக்கூட அவன்தான் வேண்டும். முதுகில் சிலிண்டரும் வாயில் ரெகுலேட்டருமாக அவன் இறங்குவான். சிலிண்டருக்குள் காற்று முண்டியடித்துக்கொண்டு கிடக்கும், அதை அப்படியே வாயில் வாங்கினால் நெஞ்சு கிழிந்துபோகும். அந்தக் காற்றை அடக்கி, அவன் இழுக்கும்போது மட்டும் திறந்து, இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்கிற, உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கதவுதான் ரெகுலேட்டர்.

அந்தக் கதவைப் பிரித்துப் பூட்டும் உரிமையும் ஊரில் ஒருவனுக்குத்தான் இருந்தது. இஞ்ஞாசியின் மனைவி தெக்கிலாளின் அண்ணன் கஸ்பார்தான் அவன். முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கிக் குதித்த காலத்திலிருந்தே, மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சானாக, அதாவது மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். தங்கச்சி கழுத்துத் தாலியை நினைத்துக்கொண்டு பிடிக்கிற கை கயிற்றை விடாது என்று முன்னோர்கள் எண்ணினார்கள். சிலிண்டர் வந்தபின் கயிறு போய்விட்டது, ஆனால் வழக்கம் போக மறுத்து, கயிற்றிலிருந்து இறங்கி ரெகுலேட்டரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கஸ்பார் அதைப் பொறுமையாகச் செய்வான். பித்தளைப் பாகங்களைத் தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் பச்சைக் களிம்பைத் தேய்த்தெடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ரப்பர் வளையங்களை விளக்கின் முன் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சிலிக்கான் பசையை விரல் நுனியால் மெல்லியதாகப் பூசுவான்.

"கொஞ்சம் தேங்கா எண்ணெ விட்டா வழுவழுன்னு போவும்லா?" என்று ஒருமுறை அடுத்த வீட்டு அமலோற்பவம் யோசனை சொன்னாள்.

"எண்ணெயும் அடைச்ச காத்தும் சேந்தா தீப்பிடிக்கும் அக்கா. இது என்ன முறுக்கு சுடுத சட்டியா?" என்றான் கஸ்பார்.

ஒரு மழைக்காலத்தில் இஞ்ஞாசியின் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பி வந்தபோது உடம்பு பழைய உடம்பாகவும் மூச்சு மட்டும் பாதி மூச்சாகவும் இருந்தது. அடுப்பை ஊதினால் சாம்பல்கூடப் பறக்கவில்லை. கடலுக்குள் போகாத நாட்களில் அவன் கரையில் போட்ட மீனைப்போலக் காய்ந்துகொண்டே வந்தான், சாப்பாட்டைத் தொடவில்லை, பேச்சுக் குறைந்தது. கடைசியில் தெக்கிலாளே அண்ணனைக் கூப்பிட்டு, "இவுஹ தண்ணிக்குள்ள போனாத்தான் பொழைப்பாஹ போலருக்கு, அந்தக் கருவிய எளசாக்கிக் குடு" என்றாள்.

ரெகுலேட்டருக்குள் அப்பளம் அளவில் ஒரு ரப்பர் தகடு உண்டு. மூச்சை இழுத்தால் அது உள்ளே குழியும், குழிந்து ஒரு நெம்பை அழுத்தும், நெம்பு ஸ்பிரிங்கைத் தள்ளும், கதவு திறக்கும். ஸ்பிரிங்கின் திருகைத் தளர்த்தினால் குறைந்த இழுப்புக்கே திறந்துவிடும், அளவுக்குமேல் தளர்த்தினால் மூடவே மூடாமல் காற்றைக் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் கஸ்பார் ஒவ்வொரு திருகுக்கும் ரெகுலேட்டரை வாய்ப்பக்கம் மேலாகப் பிடித்து, பேசினில் இருந்த தண்ணீரில் மெதுவாக இறக்கி, எந்த ஆழத்தில் சீறத் தொடங்குகிறது என்று பார்த்தான். இரண்டு விரல் ஆழம் போனால் சீற வேண்டும், அதுதான் கணக்கு.

"இழு மாப்ள."

இஞ்ஞாசி இழுத்தான். முகம் கறுத்தது. "இன்னும் கொஞ்சம் மச்சான்."

ஒரு விரல் ஆழம். "இன்னும் கொஞ்சம்." தண்ணீர் தொட்டவுடன் சீறியது. "இன்னும் கொஞ்சம்." தெக்கிலாள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கஸ்பார் தங்கையின் முகத்தைப் பார்த்தான். வேறு யார் கையாக இருந்தாலும் அந்த இடத்தில் நின்றிருக்கும், இதற்குமேல் ஆகாது தம்பி என்று சொல்லியிருக்கும். மச்சான் கை நிற்கவில்லை. ஒரு மயிரிழை அதிகமாகத் திருப்பிவிட்டது.

இஞ்ஞாசி இழுத்தான், இழுத்ததே தெரியாமல் காற்று வந்து நெஞ்சை நிறைத்தது, பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்தான்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டி, காற்றைத் திறந்துவிட்டு, கஸ்பார் காத்திருந்தான். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு யாரும் தொடாமலே ஸ்ஸ் என்று ஒரு மூச்சு விட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. கஸ்பார் பிரித்துப் பார்த்தான், தகட்டில் கிழிசல் இல்லை, வளையத்தில் கீறல் இல்லை, உப்புப் பரல் எதுவும் இல்லை. மறுபடி பூட்டினான். ஸ்ஸ்.

கண்டுபிடித்தவள் தெக்கிலாள்தான். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "அண்ணே, அமலோற்பவத்தக்கா பெருமூச்சு விடும்போதெல்லாம் அது ஊதுது பாத்தியளா?" என்றாள்.

அமலோற்பவம் கொழும்பில் பிறந்து, பத்து வயதில் பெட்டியோடும் அம்மாவோடும் கப்பலேறி வந்தவள். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துப் பெருமூச்சு விட்டாள், ரெகுலேட்டர் பேசாமல் இருந்தது. ரேஷன் கடைக் கூட்டத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டாள், பேசாமல் இருந்தது. "கொழும்புல எங்க வீட்டு முன்னால ஒரு ஜாம்பு மரம் நின்னுது..." என்று தொடங்கினாள், பெருமூச்சு வரும் முன்னாலேயே அது ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஊதியது. அலுப்புக்கும் கவலைக்கும் அது அசையவில்லை, திரும்பி வராததை நினைத்து விடும் மூச்சுக்கு மட்டும்தான் திறந்தது.

"நல்ல காதுதான் இதுக்கு" என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சிக்கல் கடலுக்குள்தான் தெரிந்தது. இஞ்ஞாசி இறங்கினான், வேலையில் பாதி முடியும் முன்பே சிலிண்டர் காலியாகி மேலே வந்தான். அவன் இழுத்தது கொஞ்சம், ஊர் இழுத்தது மிச்சம். கரையில் யார் எதை நினைத்து ஏங்கினாலும் அவன் வாயில் காற்று வீணாகச் சீறிப் போயிற்று. கஸ்பார் திருகைக் கால் சுற்று இறுக்கிப் பார்த்தான், முட்டளவு தண்ணீரிலேயே இஞ்ஞாசிக்கு உதடு நீலம் பாய்ந்தது. ஊர் பெருமூச்சுக்குத் திறக்கும் அளவும் இஞ்ஞாசி மூச்சுக்குத் திறக்கும் அளவும் ஒன்றேதான், ஒன்றை விட்டு ஒன்று இல்லை.

ஆகவே ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. இஞ்ஞாசி இறங்கினால், படகுகள் அணையக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தின் நுனியில் சிவப்புக் கொடி ஏறும், கொடி இறங்கும்வரை யாரும் பழையதை நினைக்கக்கூடாது என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். டீக்கடை பேச்சிமுத்து ரேடியோவில் பழைய பாட்டு வந்தால் காதைத் திருகி அணைத்தான், சுவரில் இருந்த அப்பா படத்தைத் திருப்பி வைத்தான். கட்டிக்கொடுத்த மகளுடைய பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடும் பெண்கள் கொடி இறங்கும்வரை பெட்டியைத் திறக்கவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டவர்கள், "சாமி, போன புதங்கெழம கொடி ஏறியிருக்கும்போது எங்கம்மா வச்ச கருவாட்டுக் கொழம்ப நெனச்சுட்டேன்" என்றார்கள். பங்குச்சாமியார் முதலில் திகைத்தார். பழையதை நினைப்பது பாவமில்லை, அடுத்தவன் மூச்சை எடுப்பது பாவம்தான் என்று பிறகு தெளிந்து, அதற்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னால் போதும் என்று வைத்தார்.

நினைக்காமல் இருக்கச் சிறந்த வழி சண்டை போடுவது என்று அனுபவத்தில் கண்டார்கள். கொடி ஏறியதும் அமலோற்பவம் டீக்கடைக்கு வந்து, "ஏ பேச்சிமுத்து, இது டீயா, மாட்டுக்குக் கழுவி ஊத்துன தண்ணியா?" என்பாள். "குடிக்காத, போ! ஒன் கடன் டீக்கு இதுவே ஜாஸ்தி" என்பான் அவன். குழாயடியில் தயாராக நிற்பவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் சண்டையைத் தொடங்குவார்கள். கொடி இறங்கியதும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஆற அமரப் பெருமூச்சு விடுவார்கள். ஊரில் அந்த வருஷம்போல யாரும் அவ்வளவு ருசியாகப் பழையதை நினைத்ததில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

அடங்காத ஆள் லாசர் ஒருவர்தான். ஸ்டெல்லா என்ற நீலச் சாயம் பூசிய பயணிகள் லாஞ்சு அந்தத் துறையிலிருந்து தீவுக் கோயிலுக்கும் பட்டணத்துக்கும் போய்வந்த காலத்தில் அதில் டிக்கெட் கிழித்தவர் அவர். ஒரு புயலில், ஆள் யாரும் இல்லாத நேரத்தில், லாஞ்சு பாலத்தருகே மூழ்கிப்போயிற்று. அன்றிலிருந்து லாசர் மூச்சு விட்டாலே அது பெருமூச்சுதான். சண்டைக்கு இழுத்தாலும் வரமாட்டார். "நீங்க எறும்புக்குக்கூட ஒதவ மாட்டிய மாமா" என்று பேச்சிமுத்து திட்டினால், "ஸ்டெல்லாவுல எறும்புக்கு டிக்கெட் கெடையாது" என்று சொல்லிக் கண் கலங்குவார். அதனால் கொடி ஏறும் நாட்களில் அவரைக் காலை பஸ்ஸில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பனங்காட்டைத் தாண்டிவிட்டால் எந்த ஏக்கமும் ரெகுலேட்டருக்கு எட்டுவதில்லை என்று கஸ்பார் சோதித்து வைத்திருந்தான்.

பிறகு அந்தக் கோடை வந்தது. மூழ்கிய ஸ்டெல்லா வழியை அடைக்கிறது, படகுகளின் அடி தட்டுகிறது, அதை இழுத்து ஓரம் சேர்க்க வேண்டும் என்று மீனவர் சங்கத்தில் முடிவானது. இஞ்ஞாசி இறங்கி இரும்புக் கயிறு கட்ட வேண்டும், இரண்டு விசைப்படகுகள் இழுக்க வேண்டும்.

"வேண்டாம் மாப்ள, ஊரே கரையில நிக்கும்" என்றான் கஸ்பார்.

"நின்னா சண்டை போடச் சொல்லுங்க மச்சான். எனக்கு இதவிட நல்ல வேலை இனி எப்ப வரும்?"

ஊரே நின்றது. கொடி ஏறியது. இஞ்ஞாசி முதல் கயிற்றைக் கட்டிவிட்டு வந்து, இரண்டாவதோடு இறங்கினான். பாலத்தின்மேல் ஏலத்தில் மீன் குறைத்துப் போட்டது யார் என்பது பற்றி அருமையான சண்டை நடந்துகொண்டிருந்தது. கஸ்பார் சின்ன வள்ளத்தில் உட்கார்ந்து, இஞ்ஞாசி விடும் மூச்சுக் குமிழிகள் மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு விசைப்படகுக்காரன் முதல் கயிற்றைச் சும்மா இறுக்கிப் பார்க்க எந்திரத்தை முடுக்கினான். கனத்துக் கிடக்கும் என்று நினைத்த லாஞ்சு வெற்றுக் கூடாக இருந்திருக்கிறது. அது சேற்றை விட்டுப் பிடுங்கிக்கொண்டு மூக்கைத் தூக்கியது.

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஸ்டெல்லாவின் முகப்பு எழுந்தது. சிப்பி ஒட்டிய பலகைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவுக்கு அந்த நீலம் அப்படியே இருந்தது.

சண்டை பாதியில் நின்றது. கஸ்பாரைச் சுற்றிக் கடல், சோறு கொதிப்பதுபோலக் குமிழியிட்டது. முகப்பு எழுந்த வேகத்தில் அதில் சுற்றியிருந்த பழைய வலை சுருண்டு கீழே இஞ்ஞாசியின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்தது. சேறு கலங்கி அவனுக்குத் தன் கத்தியே தெரியவில்லை. அவன் தடவித் தடவி அறுக்கத் தொடங்கினான், அவன் வாயில் ஊர் முழுவதும் சீறிக்கொண்டிருந்தது.

"நெனைக்காதிய! மாப்ள மாட்டிக்கிட்டான், யாரும் எதையும் நெனைக்காதிய!" என்று கஸ்பார் கத்தினான்.

இரண்டு பேர் குதித்தார்கள், கை நிறையச் சேற்றோடு மேலே வந்தார்கள், மறுபடி குதித்தார்கள். பாலத்தின்மேல் ஊர் கண்ணை மூடிக்கொண்டது, பல்லைக் கடித்துக்கொண்டது, பயம் எல்லோர் மண்டையையும் கழுவித் துடைத்துவிட்டது. கொதிப்பு அடங்கியது. அடங்கியதைக் கண்டு கஸ்பாருக்கு நிம்மதி வரவில்லை. அவ்வளவு கொட்டியபின் சிலிண்டரில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். குமிழிகள் மெலிந்தன, ஒன்றிரண்டாயின, பிறகு நின்றன. தெக்கிலாள் பாலத்து விளிம்பில் முழந்தாளிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள்.

அப்போது ஒரு குமிழிக் கொத்து வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

கஸ்பார் தலையைத் தூக்கினான். பஸ்ஸிலிருந்து பனங்காட்டுக்கு முன்பே இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பி வந்துவிட்ட லாசர், கூட்டத்துக்குப் பின்னால் மீன் பெட்டிமேல் உட்கார்ந்து அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மார்பு ஏறி இறங்கியது. இறங்கும்போதெல்லாம் இங்கே குமிழி வந்தது. சிலிண்டரில் காற்று இல்லை, ஆனாலும் கீழே ஒருவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"லாசர் மாமா! நிறுத்திராதிய!" கஸ்பார் வள்ளத்தில் எழுந்து நின்று கத்தினான். "எல்லாரும் நெனைங்க! எதையாவது நெனைங்க! காலியான சிலிண்டருக்கு ஒங்க மூச்சுதான் போவுது!"

ஊர் அவனைப் பார்த்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "எங்கம்மா மொகங்கூட வரலயே" என்று அமலோற்பவம் அழுதாள். குமிழிகள் ஒரு கிழவர் மூச்சளவுக்கு மெல்லியதாக வந்துகொண்டிருந்தன, அது ஒரு ஆளுக்குப் போதாது.

லாசர் எழுந்தார். பாலத்தின் விளிம்புக்கு வந்து, தொண்டையைச் செருமி, யாரும் பல வருஷமாகக் கேட்காத குரலில், "ஸ்டெல்லா பொறப்படுது! ஏறு ஏறு! பிள்ளையள மடியில வச்சுக்க, கோழிக்குத் தனி டிக்கெட்டு, வாந்தி எடுக்கிறவுஹ பின்னால போ!" என்றார். "ஏட்டி அமலோற்பவம், சன்னலோரம் ஒனக்கு. பேச்சிமுத்து, ஒங்கப்பன் ஏறிட்டானா பாரு."

பேச்சிமுத்து பார்த்தான், அப்பா ஏறியிருந்தார், தீவுத் திருவிழாவுக்கு வாங்கிய புதுச் சட்டையில் விலைச்சீட்டைக் கிழிக்காமல். அமலோற்பவம் சன்னலோரம் உட்கார்ந்தாள், உப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்தது, ஜாம்புப் பழ வாசம் வந்தது, அவள் அம்மாவின் முகமும் வந்தது. கல்யாணத்துக்குப் போனவர்களும் பிரசவத்துக்குப் போனவர்களும் ஏறினார்கள், பட்டணத்தில் முதன்முதலாகச் சினிமா பார்த்துவிட்டுக் கதை சொல்லிக்கொண்டே வந்தவர்கள் ஏறினார்கள், போனவர்களில் திரும்பி வராதவர்களும் ஏறி இடம் பிடித்தார்கள், பங்குச்சாமியார் தம் தங்கையோடு பகிர்ந்து தின்ற அவித்த கடலையை நினைத்துக் கண்ணைத் துடைத்தார், தெக்கிலாள், மூச்சுக் குறையாத காலத்து இஞ்ஞாசி அந்த லாஞ்சின் கூரையிலிருந்து தனக்காகக் கடலுக்குள் குதித்துக் காட்டிய மத்தியானத்தை நினைத்தாள், அப்படி ஒரு பாலம் நிறைய மனிதர்கள் வெட்கமில்லாமல் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், கடல் கொதித்தது, கொதித்துக்கொண்டே இருந்தது, அந்தக் கொதிப்பின் நடுவில் இஞ்ஞாசியின் தலை மேலே வந்தது.

அவனை வள்ளத்தில் இழுத்துப்போட்டு, பாலத்துக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பக்கத்தில் வைத்தார்கள். கத்தி பட்டு அவன் கால்களில் ரத்தம் வழிந்தது, முகம் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகம்போல இருந்தது. கொழும்பை ஒருநாளும் பார்த்திராத அவன் கண்ணைத் திறந்து அமலோற்பவத்தைக் கண்டதும், "அக்கா, அந்த ஜாம்பு மரத்துல ஒரு பக்கம் கிளையே இல்லையே" என்றான்.

"இடி விழுந்துதுல்லா" என்றாள் அவள்.

தெக்கிலாள் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். "போதும்ண்ணே. இறுக்கிரு. இவுஹ கரையிலயே இருக்கட்டும், காய்ஞ்சாலும் என் கண்ணு முன்னால காயட்டும்."

கஸ்பார் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். ரெகுலேட்டரைக் கையில் தூக்கினான். இஞ்ஞாசி கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இறுக்கிருங்க மச்சான், நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் பொறுத்து இறுக்குங்க."

"ஏன் மாப்ள?"

"லாஞ்சு இப்பத்தான் தீவுப் பாறைய வளைஞ்சு வருது. லாசர் மாமா இன்னும் எறங்கல."

லாசர் பாலத்து விளிம்பில் ஒரு கையை மேலே தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கஸ்பார் உட்கார்ந்தான். அவன் கையில், காலியான சிலிண்டரில் பூட்டிய ரெகுலேட்டர் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது தானாக அடங்கும்வரை அவன் காத்திருந்தான், அடங்கியதும் திருகை இறுக்கினான்.